ஸாரென் படகின் கறுப்புப் பட்டை

துறையில் அவளுக்கு நாளைக்காரி என்று பெயர். மால்டாவில் பட்டப்பெயர் இல்லாத குடும்பம் கிடையாது. பாதிப் பேரின் சொந்தப் பெயர் கல்லறையில் செதுக்கும்போதுதான் ஊருக்கே தெரியவரும். ஆனால் ஜூதித்தாவின் பட்டப்பெயர் அப்பன் பாட்டன் வழியில் வந்ததல்ல. அவளே பாடுபட்டுச் சம்பாதித்தது. "என் படகு எப்போ கிடைக்கும்?" என்று யார் வந்து நின்றாலும், தலையைக்கூடத் தூக்காமல் "நாளைக்கு" என்பாள். மறுநாள் வந்து கேட்டாலும் அதே பதில்தான். குரலில் கொஞ்சம்கூட வெட்கம் இருக்காது.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடமும் நாளைக்கு என்றுதான் சொல்லியிருப்பாள் என்று பட்டறையில் கிரேன் ஓட்டும் லிப்பு கேலி செய்வான். அவளும் சிரிப்பாள். "உன்னை மாதிரி நாலு பேர் வந்தா வேறென்ன சொல்றது?" என்பாள். ஒரு காலத்தில் லிப்புவும் வந்து கேட்டவன்தான்.

வேலை என்னவோ பார்க்கச் சின்ன வேலை. ஃபைபர் படகின் வெள்ளை உடம்பில், தண்ணீர் தொடும் இடத்துக்கு மேலே ஓடும் வினைல் பட்டைகளை உரிப்பதும் ஒட்டுவதும். வெயிலும் உப்பும் சில வருஷங்களில் அவற்றைத் தின்றுவிடும். நிறம் வெளுக்கும், ஓரம் சுருளும், பிறகு பாளம் பாளமாக வெடிக்கும். ஹேர் டிரையரால் சூடு காட்டி அதை உரிக்க வேண்டும். அடியில் தங்கிய பசையை பிளாஸ்டிக் தகட்டால் வழித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதிதை ஒட்ட வேண்டும். இளவயதில் வேன்களுக்கும் ரொட்டிக் கடைகளுக்கும் ஸ்டிக்கர் எழுத்து வெட்டிக் கொடுக்கும் கடையில் இருந்தவள், கடை மூடியதும் அதே கத்தியோடு படகுப் பட்டறைக்கு வந்து சேர்ந்தாள். அறுபதைத் தாண்டியும் ஏணிமேல்தான் நிற்கிறாள்.

இரண்டு விஷயத்தில் அவள் யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். ஒன்று, வினைலை இழுத்து ஒட்டக் கூடாது. மூக்கு வளையும் இடத்தில் லேசாக இழுத்தால் அழகாகப் படிந்துவிடும், படகுக்காரரும் பூரித்துப் போவார். ஆனால் ஒரு வெயில்காலம் போனால் அது பழைய அளவுக்கே சுருங்கி, ஓரம் பிளந்துகொண்டு நிற்கும். இன்னொன்று, ஈரக்காற்றில் ஒட்டக் கூடாது. தென்கிழக்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் துணி காயாது, ரொட்டி நமத்துப்போகும், மனுஷன் முகம் கொடுத்துப் பேச மாட்டான். படகின் உடம்பும் கண்ணுக்குத் தெரியாமல் வியர்த்திருக்கும். அதன்மேல் ஒட்டினால் அடியில் குமிழ் குமிழாக எழும்பும். வடமேற்குக் காற்று வந்து எல்லாவற்றையும் உலர்த்தும்வரை அவள் கத்தியைத் தொட மாட்டாள். ஒரு ஜெர்மன்காரர் சனிக்கிழமைக்குள் முடிக்கச் சொல்லிக் கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் அவரும் அவளோடு உட்கார்ந்து தக்காளி தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டு காற்று மாறக் காத்திருந்தார்.

இப்படிப்பட்டவளுக்கு, தினமும் கண்முன்னால் மிதக்கும் ஒரு மோசமான பட்டையைப் பார்த்துக்கொண்டே ஏழு வருஷம் வேலை செய்ய வேண்டியிருந்தது. அது அவள் தம்பி ஸாரெனின் படகில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் மீன்பிடிப் படகின் மூக்கில் இரண்டு பக்கமும் ஏறிச் சந்திக்கும் பட்டைக்கு மீசை என்று பெயர். அவர்கள் வீட்டு மீசை மஞ்சள். வீட்டில் சாவு விழுந்தால் மீசையைக் கறுப்பாக்குவார்கள். கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும், வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. மரப்படகுக் காலத்தில் கறுப்பு பெயிண்ட் அடித்தார்கள், இப்போது கறுப்பு வினைல். ஒரு வருஷம் போனதும் பழைய நிறத்துக்கு மாற்றிவிடுவார்கள். அம்மா இறந்தபோது ஸாரென் கறுப்பு ஒட்டினான். ஒட்டியவன் எடுக்கவே இல்லை.

அவனே ஒட்டியதுதான் அது. ஹார்டுவேர் கடையில் வாங்கிய மலிவு வினைல். பழைய மஞ்சளை உரிக்காமல் அதன்மேலேயே ஒட்டி, ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும், ஒட்டுப்போட்ட இடங்கள் பல்லைக் காட்டிக்கொண்டும் இருந்தது. அக்கா இந்த வேலையில் பெரிய கை என்று துறைக்கே தெரியும். அவளிடம் போகவில்லை என்பதையும் துறை பார்த்தது. முதல் வருஷம் அது துக்கம். அதற்குப் பிறகு அது ஜூதித்தாவுக்கு மட்டும் காட்டிய கறுப்பு என்பது எல்லாருக்கும் புரிந்தது.

நடந்தது இதுதான். அம்மா ஜூதித்தாவின் வீட்டில் இருந்தாள். லம்புக்கி மீன் வரும் காலம். பனையோலை கட்டிய மிதவைகளைக் கடலில் விட்டு, அந்த நிழலுக்கு வந்து ஒதுங்கும் மீனை வளைத்துப் பிடிக்கும் அந்தச் சில மாதம்தான் ஸாரெனுக்கு வருஷம் முழுக்கச் சோறு. கிளம்பும் நாளில் வாசலில் வந்து நின்றான். அம்மாவுக்குக் காய்ச்சல், மூச்சு இழுத்தது. "போகட்டுமாக்கா? இல்லே நிக்கட்டுமா?" என்று கேட்டான். "போடா. அம்மாவுக்கு ஒண்ணுமில்லே. வந்து பாத்துக்கலாம்" என்றாள். அப்பா போனபின் அவனைக் கைப்பிடித்து வளர்த்தவள் அவள். அவள் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு இல்லை. அன்று மாலையே அம்மாவுக்கு மோசமானது. படகில் ரேடியோ இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். நல்ல மீன்பாடு விழுந்திருக்கிறது என்று மற்ற படகுக்காரர்கள் சொன்னார்கள், விடிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இவளும் இருந்துவிட்டாள். விடியுமுன்பே அம்மா போய்விட்டாள். கடைசியாகக் கேட்டது அவனைத்தான்.

பெட்டி பெட்டியாக மீனோடு அவன் கரைக்கு வந்தபோது ஆட்கள் கறுப்புச் சட்டையில் நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் அவன் அக்காவைப் பார்த்து, "இப்போ நான் மீனை விக்கறதா, அழறதா? அதையும் நீயே சொல்லிடு" என்றான். அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. கோயிலில் எதிரில் வந்தால் தூணைச் சுற்றிக்கொண்டு போவான்.

இந்த வருஷம் லம்புக்கி காலம் தொடங்கியும் ஸாரெனின் படகு கட்டிய இடத்தைவிட்டு நகரவில்லை. மீன் காலத்தில் படகு சும்மா நின்றால் காரணம் ஒன்றுதான், படகுக்காரன் படுத்துவிட்டான். ஜூதித்தா யாரையும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அவன் மனைவி சென்சா பட்டறைக்குள் வந்தாள், கையில் பை, காலில் வீட்டுச் செருப்பு.

"அக்கா, அவர் சொல்லி அனுப்பினார். கறுப்பை எடுத்துடணுமாம்."

ஜூதித்தா ஏணியில் நின்றபடியே, "யாரை எடுக்கச் சொன்னான்?" என்றாள்.

"உங்களைத்தான். வேற யாரும் கை வைக்கக் கூடாதாம். மஞ்சள் போடணுமாம், அப்பா படகுல இருந்த மாதிரி."

ஜூதித்தா இறங்கி வந்து பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்தாள். கையிலிருந்த ஹேர் டிரையர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சென்சாதான் அதை வாங்கி நிறுத்தினாள்.

"எப்படி இருக்கான்?"

"வயித்துல. ஆஸ்பத்திரில வெச்சிருக்காங்க. டாக்டர் என்னை வெளிய கூட்டிட்டுப் போய்ப் பேசறார்க்கா. எங்கிட்ட மட்டும் பேசறார்." சென்சா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வந்து பாருங்க. இன்னைக்கே வாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"வரேன். முதல்ல இதை முடிச்சிடறேன்."

"இதுக்கென்ன அவசரம்? அவரைப் பாத்துட்டு வந்து செய்யுங்களேன்."

"ஏழு வருஷம் கழிச்சு வெறுங்கையோட எப்படிப் போய் நிக்கறது, சென்சா? முடிச்சிட்டு, போட்டோ எடுத்துட்டு, நேரா வரேன். ரெண்டு நாள்."

சென்சா அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சரி என்று போய்விட்டாள். அந்தக் குடும்பத்தில் ஜூதித்தா சொன்னதை மறுத்துப் பேசிப் பழக்கம் யாருக்கும் இல்லை. அந்தப் பழக்கம்தான் எல்லாரையும் கெடுத்தது.

உண்மையில் அவளுக்குப் பயம். கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்ன பேசுவாள்? மன்னித்துக்கொள் என்று சொல்லும் வாய் அவளுக்குக் கிடையாது. படகு முடிந்திருந்தால் பேச ஒரு விஷயம் இருக்கும். மீசை எப்படி இருக்கிறது பார், மூக்கு வளைவில் ஒரு சுருக்கம் இருக்கிறதா சொல் என்று ஆரம்பித்துவிடலாம். அவளுக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்.

லிப்பு அன்றைக்கே படகைத் தூக்கி மேட்டில் வைத்தான். "ஸாரெனோட மீசையை மழிக்கப் போறியா? துறையே வந்து பாக்கும், டிக்கெட் போடலாம்" என்றான். அவள் ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறியதும் தொப்பியைக் கழற்றிவிட்டு நகர்ந்துபோனான்.

ஏழு வருஷ வெயிலில் வெந்த மலிவு வினைல் பட்டையாக வருமா? நகத்துண்டு நகத்துண்டாக வந்தது. சூடு காட்டினால் பிசினாக இளகியது, காட்டாவிட்டால் பொடியாக உதிர்ந்தது. விரல்நுனிகள் கன்றிப்போயின. கறுப்புக்கு அடியிலிருந்து அவளே ஒரு காலத்தில் ஒட்டிய மஞ்சள் வெளியே வந்தது. அதுவும் கறுப்போடு ஒட்டிக்கொண்டு கிழிந்தது. வேறு யார் படகாக இருந்தாலும் ஒட்டியவனை நாலு தலைமுறைக்குத் திட்டித் தீர்த்திருப்பாள். இந்த முறை திட்டாமலே உரித்தாள். தம்பியின் கட்டைவிரல் ரேகை பசையில் ஓரிடத்தில் அப்படியே பதிந்திருந்தது. அதை வழிக்க மனமில்லாமல் மதியச் சாப்பாடுவரை விட்டுவைத்தாள்; பிறகு வழித்தாள்.

புதன்கிழமை மாலை மீசை இருந்த இடம் துடைத்த பீங்கான் தட்டாக வெள்ளையாகியிருந்தது. சுற்றியுள்ள வெள்ளை மங்கிப் பழுப்பேறியிருக்க, அந்த இடம் மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றுபோல இருந்தது. மஞ்சள் வினைலை அளந்து வெட்டி, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினாள். நல்ல ரகம், உல்லாசப் படகுகளுக்குப் போடுவது. விடிந்ததும் ஒட்டிவிட்டு, மத்தியானம் ஆஸ்பத்திரி.

விடிந்தபோது காற்று தென்கிழக்கு.

வாசற்படி ஈரம், கத்திப்பிடி ஈரம். படகின் மூக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், எடுத்தபோது கை மினுங்கியது. துடைத்தாள். திரும்ப வைத்தாள். அதேதான். பெட்டியை மூடிவிட்டு உட்கார்ந்தாள். பத்து மணிவாக்கில் சென்சாவின் எண்ணிலிருந்து போன் வந்தது.

"நாளைக்காரி, என் படகு என்ன ஆச்சு?"

சென்சாவின் குரல் இல்லை. குரலே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், காற்றுதான் வந்தது. ஆனாலும் ஒரு சொல்லில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏழு வருஷத்தில் முதல் பேச்சு. ஜூதித்தா எழுந்து நின்றுவிட்டாள்.

"கறுப்பை எடுத்தாச்சுடா."

"மஞ்சள்?"

"வெட்டி வெச்சிருக்கேன். காத்து சரியில்லே."

"தென்கிழக்கா?"

"ஆமா. ஒரே ஈரம்."

"ஈரம்னா என்ன? ஒட்டிட்டு வா."

"ஒட்டினா குமிழ் வருண்டா."

"வரட்டுமே. குமிழைப் பாக்க நான் என்ன ஏணியா போட்டு ஏறப் போறேன்?" சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்தது. இருமல் அடங்கும்வரை அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

"நீ ஒட்டின லட்சணத்தை நான்தானே மூணு நாளா உரிச்சேன்" என்றாள். "அந்த மாதிரி என் கையால ஒரு வேலை அந்தப் படகுல இருக்கக் கூடாது. காத்து மாறினதும் முடிச்சிட்டு வரேன்."

"சரிக்கா" என்றான். "நீ சொன்னா சரி."

அவ்வளவுதான் பேச்சு. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ரேடியோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வினைலும் காற்றும் குமிழும். போனை வைத்ததும் ஜூதித்தாவுக்கு மனசு லேசாக இருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. லிப்புவுக்கும் சேர்த்து இரண்டு கிளாஸ் டீ வாங்கிவந்தாள். தம்பி பேசிவிட்டான் என்று சொன்னாள். லிப்பு டீயைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ ஏம்மா இன்னும் இங்க உக்காந்திருக்கே? வா, வண்டி எடுக்கறேன்" என்றான்.

"நாளைக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமையும் தென்கிழக்குதான். சனிக்கிழமை காலையில் வானம் கொஞ்சம் உயர்ந்தாற்போலத் தெரிந்தது. மத்தியானத்துக்குள் மாறிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. ஏணிமேல் ஏறி, ஸ்பிரிட் நனைத்த துணியால் மீசை இடத்தை இன்னொரு முறை துடைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. சென்சா "அக்கா" என்றாள். பிறகு அழுகைதான் கேட்டது.

ஜூதித்தா ஏணியிலிருந்து இறங்கவில்லை. துணியை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். லிப்பு வந்து கீழே நின்று கையை நீட்டியபோதுதான் இறங்கினாள். அன்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் முகத்தைப் பார்த்தாள். தாடை ஒட்டிப்போய், அப்பாவின் ஜாடை முழுதாக வந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "வந்துட்டேண்டா" என்றாள். அறையில் இருந்தவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

வாசலில் சென்சா அவளைப் பிடித்துக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வியாழக்கிழமை சாயங்காலம் முழுக்கக் கதவையே பாத்துட்டிருந்தார்க்கா" என்று மட்டும் சொன்னாள். பிறகு நினைவு வந்தவளாக, "திங்கட்கிழமை அடக்கம். படகு கரையில நிக்கணுமே. மீசை..." என்று நிறுத்தினாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் ஜூதித்தா.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. கோயில் முடிந்து, போட்ட கோட்டோடு லிப்பு வந்து பார்த்தபோது அவள் மேஜைமேல் கறுப்பு வினைலை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தை அவள் சுத்தம் செய்த சுத்தத்தில் இனி துடைக்க ஒன்றும் பாக்கி இல்லை. மஞ்சள் சுருள்கள் இரண்டும் சுவரோரம் நின்றன. அவற்றின்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடியிருந்தாள்.

"நான் வேற யாரையாவது கூப்பிடட்டுமா?" என்றான் லிப்பு. "உன் கையால வேணாம், ஜூதித்தா."

"வேற யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

ஏணியில் ஏறினாள். பின்தாளை ஒரு சாண் உரித்து, மூக்கு நுனியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். லிப்பு படகின் உடம்பைத் தொட்டுப் பார்த்தான். விரல் நனைந்தது.

"காத்து இன்னும் தென்கிழக்குதான். சாயங்காலம்வரைக்கும் பொறுத்துப் பாரேன். நாளைக்குத்தானே அடக்கம். இப்போ ஒட்டினா குமிழ் வரும்."

அவள் அழுத்திக்கொண்டே போனாள். கையின் கீழே முதல் குமிழ் எழும்பியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. வேறு நாளாக இருந்தால் முழுசையும் பிடுங்கி எறிந்திருப்பாள். இப்போது அவற்றைத் தாண்டி அடுத்த சாணை உரித்தாள்.

"குமிழ் வந்திருக்கு. ஆனா ஒட்டிக்கிச்சு, பாரு" என்றாள். கண்ணிலிருந்து வழிவதைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை. "ஈரத்துலயும் ஒட்டத்தான் செய்யுது, லிப்பு. வியாழக்கிழமையே ஒட்டியிருக்கலாம்."

லிப்பு கோட்டைக் கழற்றி ஏணிக்காலில் மாட்டிவிட்டு, தரையில் தொங்கிய பட்டையின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.